நெகட்டிவைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புகைப்படங்களைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் மூன்று வரிகள் எங்களை உறுத்தின. ஃபிலிம் என்பது 20 மெகாபிக்சலுக்குச் சமம். இன்றைய செல்போனே 200 மெகாபிக்சல் எடுக்கிறது. ஆகவே நெகட்டிவை ஒருமுறை 4,800 டிபிஐயில் (அங்குலத்துக்கு அத்தனை புள்ளி) ஸ்கேன் செய்துவிட்டால் பெட்டியைக் காலி செய்துவிடலாம். முதல் வரி அரைகுறை உண்மை. இரண்டாவது விளம்பரக் கணக்கு. மூன்றாவதை நம்பி யாராவது பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் போனது போனதுதான். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று வரிசையாக அடி வாங்கிய கடலூர், புதுச்சேரிப் பகுதியில் ஆல்பம் நனைந்து ஒட்டிப்போன வீடுகள் ஏராளம். பரணில் நெகட்டிவ் தப்பியிருந்தால் மறுபடி பிரிண்ட் போடலாம். அதையும் தூக்கிப் போடச் சொன்னால் எப்படி?

முதலில் அந்த 20-ஐப் பார்ப்போம். ஃபிலிமில் பிக்சல் கிடையாது. ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் படிகங்கள் சிறிதும் பெரிதுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அதனால் ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கறுப்பு வெள்ளைக் கோட்டு ஜோடிகளைப் பிரித்துக் காட்டுகிறது என்றுதான் அளப்பார்கள். அந்த எண்ணும் ஒன்றல்ல, இரண்டு. ஃபுஜி வெல்வியா 50 ஸ்லைடு ஃபிலிமுக்கு நிறுவனம் கொடுத்த விவரத்தாளில், வெளிச்ச வித்தியாசம் 1,000-க்கு 1 என்றால் 160 ஜோடி, 1.6-க்கு 1 என்றால் 80 ஜோடி. கோடாக் டி-மேக்ஸ் 100 கறுப்பு வெள்ளைக்கு இதே கணக்கில் 200, 63. வெள்ளைத் தாளில் அச்சடித்த கறுப்பு எழுத்து முதல் வகையின் பக்கம் நிற்கும். பாட்டியின் முகச்சுருக்கமும் கற்சிலையின் துணி மடிப்பும் இரண்டாம் வகை. ஃபிலிம் பக்தர்கள் பெரிய எண்ணையும் டிஜிட்டல் பக்தர்கள் சின்ன எண்ணையும் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். சண்டை தீராததற்கு அதுவே காரணம்.

ஃபிலிம் தானாகப் படம் எடுத்துவிடுவதுமில்லை, முன்னால் லென்ஸ் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது இரண்டில் எதைவிடவும் குறைவு. 100 ஜோடி பிரிக்கும் ஃபிலிமும் 100 ஜோடி பிரிக்கும் லென்ஸும் சேர்ந்தால் தோராயமாக 50தான் தேறும். சாதாரண 35 மி.மீ. ரோலின் 36×24 மி.மீ. சட்டத்தில் 50 ஜோடி என்றால் மி.மீ.க்கு 100 பிக்சல், அதாவது 3,600×2,400, சுமார் 8.6 மெகாபிக்சல். நல்ல லென்ஸ், நுண்ணிய ஃபிலிம், அசையாத ஸ்டாண்டு எல்லாம் அமைந்தால் 12, 15 வரை போகும். கல்யாண மண்டபத்தில் 400 வேக ஃபிலிமில் கையில் பிடித்து எடுத்ததில் 6 தேறினாலே அதிகம். ஆகவே 35 மி.மீ. ரோலை டிஜிட்டல் எப்போதோ தாண்டிவிட்டது, அதில் எங்களுக்கு வழக்கே இல்லை.

ஆனால் பழைய ஸ்டுடியோப் பெட்டிகளில் இருப்பது 35 மி.மீ. மட்டும்தானா? ஊட்டியில் தயாரான ‘இந்து’ 120 ரோல் (35 மி.மீ.யைவிட அகலமான ஃபிலிம்) இருக்கும், 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் இருக்கும், இன்னும் அடியில் கைவிட்டால் ஹாஃப் பிளேட், ஃபுல் பிளேட் கண்ணாடி நெகட்டிவ்கள் வரும். பரப்பு கூடக் கூட விவரமும் கூடும். 4×5 ஷீட்டில் படம் விழும் இடம் சுமார் 120×95 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 22-க்கு (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்) மூடி எடுத்து 40 ஜோடிதான் கிடைத்தது என்று வைத்தாலும் 9,600×7,600. அது 73 மெகாபிக்சல். ஃபுல் பிளேட் 8.5×6.5 அங்குலம், அதை 2,000 டிபிஐயில் எடுத்தால் 17,000×13,000, அதாவது 221 மெகாபிக்சல். அந்தக் கால லென்ஸ் ஓரத்தில் மங்கும், நடுவில் மங்காது. பள்ளிக்கூடக் குரூப் போட்டோவின் ஃபுல் பிளேட் ஒன்றை வெளிச்சத்தின் மேல் வைத்து லூப்பில், அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியில், பாருங்கள். முன்வரிசைப் பையன் மடியிலுள்ள சிலேட்டு எழுத்து மட்டுமல்ல, வாத்தியாரின் கோட்டுப் பொத்தானில் இருப்பது இரண்டு ஓட்டையா நான்கு ஓட்டையா என்பது வரை தெரியும். அதே பிளேட்டிலிருந்து போட்ட தபால் அட்டை அளவுப் பிரிண்டை ஸ்கேன் செய்தால் பொத்தானே ஒரு புள்ளிதான்.

செல்போனின் 200 மெகாபிக்சலுக்கு வருவோம். அந்த வகை சென்சாரில் ஒரு பிக்சல் 0.6 மைக்ரான். முன்னால் இருக்கும் லென்ஸ் எஃப் 1.7 என்றால், எவ்வளவு சுத்தமாகச் செய்த லென்ஸானாலும் ஒளியின் இயல்பினாலேயே ஒரு புள்ளி 2.3 மைக்ரான் அகலமுள்ள வட்டமாகத்தான் விழும். நான்கு பிக்சல் அகலம் கொண்ட தூரிகையால் ஒரு பிக்சல் கோடு போட முடியுமா? சாதாரணமாக எடுக்கும்போது அந்த போன்களே 16 பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகக் கொடுக்கின்றன. கட்டுரையாளர் பெட்டியில் அச்சடித்த எண்ணைப் படித்திருக்கிறார், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

பெரிய கேமராவிலும் இதே ஒளி விதிதான், துவாரத்தை மூட மூட அந்த வட்டம் பெரிதாகும். 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள சென்சார்) பிக்சல் 3.76 மைக்ரான், மி.மீ.க்கு 133 ஜோடி வரை பதியும். ஆனால் எஃப் 16-க்கு மூடினால் லென்ஸின் உச்ச வரம்பே 114 ஜோடி. குரூப் போட்டோவுக்குப் பழைய வழக்கப்படி எஃப் 16, 22 என்று மூடுபவர்கள் வாங்கிய பிக்சலில் பாதியைத் தூக்கிப் போடுகிறார்கள். எஃப் 5.6 முதல் 8 வரை நிறுத்துங்கள். பட்டுப்புடவையின் நெருக்கமான நெசவில் நெளிநெளியாக வானவில் கோடு ஓடுவது டிஜிட்டலுக்கே உரிய தொல்லை. பிக்சல்கள் கட்டம் கட்டமாக இருக்கின்றன, நெசவும் கட்டம் கட்டமாக இருக்கிறது. இரண்டும் மோதும்போது இல்லாத வடிவம் பிறக்கிறது. கிரெய்ன், அதாவது ஃபிலிமின் வெள்ளித் துகள், ஒழுங்கில்லாமல் இருப்பதால் ஃபிலிமில் இது வராது. இரண்டடி பின்னால் போய் எடுத்தாலோ கேமராவைச் சற்றுச் சாய்த்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். சென்சாரை ஒரு பிக்சல், அரை பிக்சல் என்று நகர்த்தி 4 அல்லது 16 படம் எடுத்துச் சேர்க்கும் வசதி கற்சிலைக்கு அருமையானது. புதுச்சேரி பீச் ரோட்டில் காற்றிலாடும் மரத்துக்கு வைத்தால் இலையெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். தேவனாம்பட்டினம் மணலில் பகல் பன்னிரண்டு மணிக்கு டெலி லென்ஸ் வைத்து எடுப்பவர்களுக்கு எந்தக் கேமராவும் உதவாது. கானல் ஓடும்போது விவரம் லென்ஸுக்கு வந்து சேர்வதற்கு முன்பே தொலைந்துவிடுகிறது.

இனி ஸ்கேன். தட்டை ஸ்கேனர் பெட்டியில் 4,800, 6,400 என்று போட்டிருக்கும். அது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி எடுக்கிறது என்ற கணக்கு, எவ்வளவு விவரம் பிரிகிறது என்பதல்ல. நெகட்டிவ் எடுக்கும் நல்ல தட்டை ஸ்கேனர்களிலும் உண்மையில் பிரிவது 2,000 முதல் 2,500 டிபிஐதான். சோதிப்பது எளிது: ஒரே நெகட்டிவை 2,400-லும் 4,800-லும் எடுத்து, முதல் படத்தைக் கணினியில் இரட்டிப்பாக்கி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவதில் புதிதாக எதுவும் தெரியாவிட்டால் நீங்கள் சேர்த்தது ஃபைல் எடையை மட்டுமே. ஃபுல் பிளேட்டுக்கு இந்த ஸ்கேனர் போதும். 35 மி.மீ.க்குப் போதாது.

35 மி.மீ.க்கு 24 மெகாபிக்சல் கேமராவும், மிக அருகிலிருந்து எடுக்க உதவும் ஒரு மேக்ரோ லென்ஸும் மேல். ஃபுல் ஃப்ரேமில் 1:1 அளவில், அதாவது நெகட்டிவும் சென்சாரில் விழும் பிம்பமும் ஒரே அளவாக, வைத்தால் 36 மி.மீ.யில் 6,000 பிக்சல் விழும். அது 4,200 டிபிஐக்குச் சமம். அதற்கு மேல் போனால் கிரெய்ன்தான் பெரிதாகத் தெரியும். பரணில் துருப்பிடிக்கும் என்லார்ஜரின் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவி) தலையைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பத்திலேயே கேமராவை மாட்டலாம், தனியாக ஸ்டாண்டு வாங்க வேண்டாம். நெகட்டிவ் வைக்கும் இடத்தில் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நட்ட நடுவில் தெரியும்வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒரு மூலை ஷார்ப்பாகவும் எதிர் மூலை மொழுக்கென்றும் வரும். பலரும் லென்ஸைத் திட்டுவது இதற்காகத்தான். எல்இடி லைட் பேடின் மேல் நெகட்டிவை நேராக வைக்கக் கூடாது. 3 முதல் 5 செ.மீ. உயரம் கொடுத்தால்தான் பேடிலுள்ள தூசியும் புள்ளியும் படத்தில் விழாது. டேப்லெட் திரையை வெளிச்சமாக வைப்பவர்களின் படத்தில் சன்னமாக வலை மாதிரித் தெரிவதும் இந்த இடைவெளி இல்லாததால்தான். நெகட்டிவைச் சுற்றிக் கறுப்பு அட்டை கட்டுங்கள். அறை விளக்கை அணையுங்கள், மின்விசிறியையும்தான். அது மேசையையும் ஆட்டும், தூசியையும் கொண்டுவந்து போடும். ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா கைவைக்காத மூலப் பதிவு), 2 வினாடி டைமர். அப்பர்ச்சரில், அதாவது லென்ஸின் துவார அளவில், ஒரு சூட்சுமம் உண்டு: 1:1-ல் எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகிறது. 8 என்று வைத்தால் 16 போல நடக்கும். ஆகவே 5.6 வையுங்கள். சில கேமராக்கள் கூட்டிய எண்ணையே திரையில் காட்டும், அவற்றில் 11 என்று தெரிந்தால் சரி. நெகட்டிவின் மங்கலான பக்கம்தான் எமல்ஷன், படம் பதிந்த ஜெலட்டின் பூச்சு. அது லென்ஸைப் பார்க்கட்டும். படம் இடவலம் மாறி வரும், கணினியில் திருப்பிக்கொள்ளலாம்.

ஹாஃப் பிளேட்டை ஒரே படமாக எடுத்தால் 24 மெகாபிக்சலோடு நின்றுவிடும், பிளேட்டில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். கேமராவின் சட்டத்துக்குள் பிளேட்டின் 76×51 மி.மீ. பகுதி அடங்கும்படி உயரத்தை வைத்துக்கொண்டு, நீளவாக்கில் 45 மி.மீ., குறுக்கில் 35 மி.மீ. என நகர்த்தினால் மூன்றுக்கு மூன்று, ஒன்பது படம். ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏறிக் கிடக்கும், ஒட்டும் மென்பொருளுக்கு அது வேண்டும். கேமராவைத் தொடாமல் பிளேட்டை மட்டும் ‘ட’ வடிவ அட்டையை ஒட்டி நகர்த்துங்கள். ஃபோகஸ், ஷட்டர், வெள்ளைச் சமநிலை மூன்றையும் கையால் பூட்டிவிட வேண்டும். ஆட்டோவில் விட்டால் முகம் வரும் துண்டு ஒரு வெளிச்சத்திலும் திரைச்சீலை வரும் துண்டு வேறு வெளிச்சத்திலும் வந்து ஒட்டிய இடம் தழும்பாகத் தெரியும். முடிவில் 13,000×9,500 அளவில் படம் கிடைக்கும். கறுப்பு வெள்ளை 16 பிட் டிஃப் ஃபைலாக வைத்தால் சுமார் 250 எம்பி. இதை ஜேபெக்காக மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் வெளிச்சத்தைத் திருத்தினால் பின்னணி படிக்கட்டாகப் பிளந்துவிடும். எமல்ஷன் பக்கத்தில் ப்ளோயர் காற்று போதும், பிரஷ் வேண்டாம். விரிசல் விட்ட பிளேட்டை இன்னொரு சுத்தமான கண்ணாடியின் மேல் படுக்க வையுங்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள்.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்றால், விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையை நினைத்துக்கொள்ளுங்கள். திருடுபோய் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் வரை போன அந்தச் சிலை 2014-ல் திரும்பியது. அதை அடையாளம் காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். கோயில்களைப் பற்றி அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. ஒரே இலக்கணத்தில் செய்த இரண்டு சிலைகளைப் பிரித்துக் காட்டுவது ஒரு சின்ன உடைப்பு, ஒரு உளித்தடம். அந்த அளவு விவரம் வெப்சைட்டில் போடும் படத்தில் இருக்காது, நெகட்டிவில் இருக்கும்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த அமில ஆவி பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். நெடியடிப்பதைத் தனியே பிரித்து முதலில் நகல் எடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் அமிலம் உள்ளேயே சுழன்று வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும். பிவிசி உறை வேண்டாம், பாலிபுரொப்பிலீன் உறையோ அமிலமற்ற காகிதமோ நல்லது. நம் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும், முகத்தோடு கழன்று வரும். 98 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாக ஒற்றி எடுங்கள்.

‘பெட்டியைக் காலி செய்துவிடலாம்’ என்ற அந்த ஒரு வரியையாவது வரும் ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம். ஸ்கேனருக்குப் போட்ட 4,800 என்ற எண்ணையும் கையோடு திருத்திவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஸ்டுடியோ, லேப் வேலையில் இருக்கும் வாசகர்கள் சிலர்,
கடலூர், புதுச்சேரி.