தை மாதத்துப் பின்பெஞ்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவு வந்தாலே 'இந்த ஆண்டும் மாணவிகளே அதிகம் தேர்ச்சி' என்ற தலைப்பும் வந்துவிடுகிறது. 2025 பிளஸ் டூவில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16. பத்தாம் வகுப்பில் 95.88, 91.74. பெண் பிள்ளைகள் ஜெயிப்பதில் எனக்கு முழுச் சந்தோஷம். "பிளஸ் டூ கோட்டை விட்டால் உடனே மாப்பிள்ளை பார்த்துடுவாங்க சார்" என்று என்னிடம் சொல்லி, வைராக்கியமாகப் படித்தவர்கள் உண்டு. ஆனால் பின்தங்கும் பையன்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று யாரும் கேட்பதில்லை. 'பசங்க செல்போனிலேயே கிடக்கிறாங்க' என்று பேச்சை முடித்துவிடுகிறோம்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் பல வருடம் கணக்கு நடத்தியவன் நான். தை பிறந்தால் பின்பெஞ்சு காலியாகத் தொடங்கும். தையும் மாசியும் ஊருக்கு முகூர்த்த மாதங்கள்; எங்களுக்குத் திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடக்கிற மாதங்கள். ஒருநாள் முதல் பீரியடிலேயே தூங்கிய பையனை எழுப்பினேன். சட்டைக் கையில் சாம்பார் கறை, நகக்கண்ணில் மஞ்சள். "கேட்டரிங் போனேன் சார். பாத்திரம் ஏத்தி, வேன்ல இறக்கிவிடும்போது மணி மூணு" என்றான். கிடைத்த ஐந்நூறு ரூபாயை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். திட்ட எனக்கு வாய் வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரன். மார்ச்சில் கணக்குப் பரீட்சைக்கே அவன் வரவில்லை.

பிறகு டவுன் பள்ளிக்கு மாறுதலாகிப் போனேன். அங்கே சாயந்திரமானால் பையன்களும் பெண்களும் டியூஷனுக்குத்தான் போனார்கள். மார்க்கில் இவ்வளவு இடைவெளியை நான் அங்கே பார்க்கவில்லை.

கிராமத்தில் படித்தாலே இப்படித்தான் என்றும் சொல்லமாட்டேன். 2025 பிளஸ் டூவில் 98.82 சதவீதத்தோடு முதலிடம் பிடித்தது கிராமங்களே அதிகமுள்ள அரியலூர் மாவட்டம்.

'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பணம். கல்யாண மண்டபத்துக்கு வேலைக்குப் போகிற பையனுக்கு அது பதினொன்றாம் வகுப்பிலேயே வேண்டும். இதை அரசு யோசிக்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முடிவு வரும்போது, பரீட்சைக்கு வராமல் போனவர்களில் பையன்கள் எத்தனை பேர், அவர்களில் கிராமத்துப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு வாங்கி, அதையும் முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்