தொகுப்பு மேசையிலிருந்து வந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் திரைப்பட இயக்குநர் டேவிட் லீன் பற்றிய தங்கள் கட்டுரை, அவர் செய்துகொண்ட ஆறு திருமணங்களுக்குக் கொடுத்த இடத்தை அவருடைய தொழிலுக்குக் கொடுக்கவில்லை. திரைப்படம் பார்ப்பதையே தவறெனக் கருதிய குவேக்கர் (எளிய வாழ்வை வலியுறுத்தும் கிறித்தவப் பிரிவு) குடும்பத்தில் 1908இல் பிறந்து, படப்பிடிப்புக் கூடத்தில் தேநீர் கொடுக்கும் பையனாக நுழைந்து, 1942இல் நாடக ஆசிரியரும் நடிகருமான நோயல் கவார்டுடன் இணைந்து முதல் படத்தை இயக்கும் முன் பல ஆண்டுகள் படத்தொகுப்பாளராக உழைத்தவர் அவர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் அணையும் தீக்குச்சியிலிருந்து பாலைவனச் சூரியோதயத்துக்குத் தாவும் காட்சியைக் குறிப்பிட்ட கட்டுரையாளர், அதன் தொகுப்பாளர் ஆன் கோட்ஸின் பெயரை (அவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது) விட்டுவிட்டது ஏனோ? 'ரையன்ஸ் டாட்டர்' (1970) படத்தை விமர்சகர்கள் கடுமையாகச் சாடிய பிறகு, 1984 வரை அவர் கதைப்படம் எதையும் வெளியிடாதிருந்ததும் அதில் இடம்பெறவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்