ஓர் அனாதை அட்டைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாகர்கோவிலிலிருந்து வணக்கம். தயாரித்தவர்களே பழைய விண்டோஸோடு கைகழுவிவிட்ட 16 சானல், 12 பிட் பிசிஐ அட்டை ஒன்று (சென்சார்களின் மின்னழுத்தத்தை அளந்து கணினிக்கு எண்ணாகத் தருவது) இப்போது லினக்ஸில் ஓடுகிறது. முப்பந்தல் பக்கத்துக் காற்றின் திசையை அதுதான் பதிவு செய்கிறது. யாருடைய உதவி எந்த இடத்தில் முடிச்சை அவிழ்த்தது என்று விவரமாகவே எழுதுகிறோம். இதேபோல ஓர் அட்டையைப் பரணில் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் பயன்படட்டும்.

முதல் நன்றி கோமெடிக்கு, அதாவது இப்படிப்பட்ட அளவெடுக்கும் அட்டைகளுக்கான லினக்ஸ் டிரைவர் தொகுப்புக்கு. டேவிட் ஷ்லீஃப் தொடங்கிய இது 2009-இல் கெர்னலின் (லினக்ஸின் மையப்பகுதி) ஸ்டேஜிங் பகுதிக்குள், அதாவது இன்னும் செப்பனிட வேண்டிய டிரைவர்களுக்கான இடத்துக்குள், வந்தது; 2021-இல், 5.13 பதிப்பில், அங்கிருந்து நகர்ந்து முறையான இடம் பிடித்தது. இயன் ஆபட், ஹார்ட்லி ஸ்வீட்டன் போன்றவர்கள் அதைத் துப்புரவாக வைத்திருக்கிறார்கள். எங்கள் அட்டைக்கு அதில் டிரைவர் இல்லை. ஆனால் அதே குடும்பத்து அட்டை ஒன்றுக்கு இருந்தது, அதைப் படித்தால் புரிந்தது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

அட்டையின் இரண்டு பக்கத்தையும், சிப் எண்கள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து அனுப்பிய தக்கலைத் தம்பிக்கு அடுத்த நன்றி. அட்டையை பிசிஐ தடத்தோடு இணைக்கும் பிரிட்ஜ் சிப் பிஎல்எக்ஸ் 9050, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி சிப் ஏடி1674 என்பது அந்தப் படங்களில்தான் தெரிந்தது. பிரிட்ஜின் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. வேறு வேறு கம்பெனி அட்டைகளும் அதே எண்ணோடு வரும். அட்டையைச் செய்த கம்பெனி அதில் பதித்த சப்சிஸ்டம் எண்தான் ஆளை அடையாளம் காட்டும். புதிய அட்டையின் எண்ணை ஓடும் டிரைவருக்குச் சொல்ல உதவும் 'நியூ ஐடி' கோப்பில் எண்ணை எழுதினால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. போதாது. கடைசியில் டிரைவர் டேட்டா எண்ணைத் தராவிட்டால் கெர்னல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பல கோமெடி டிரைவர்களில் பூஜ்யம் என்றால் போர்டு பட்டியலின் (டிரைவருக்குத் தெரிந்த அட்டைகளின் பட்டியல்) முதல் அட்டை. டிரைவர் ஏறும், பிழைச் செய்தியே வராது, ரேஞ்ச் (அளக்கும் மின்னழுத்த எல்லை) மட்டும் வேறொரு அட்டையுடையதாக இருக்கும். டிரைவரின் பட்டியலில் நம் அட்டைக்குத் தனி வரி சேர்ப்பதே சரி.

அட்டையோடு வந்த பழைய சிடியைப் பத்திரமாக வைத்திருந்த மார்த்தாண்டம் ஆசிரியருக்குத் தனி நன்றி. அந்த விண்டோஸ் டிரைவரை கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினிக்குள் ஓட்டி, நிஜ அட்டையை விஎஃப்ஐஓ என்ற லினக்ஸ் வசதி வழியாக உள்ளே கொடுத்து, அட்டையை நேரடியாகத் தொடும் குறுக்குவழியான எம்மேப்பை நிறுத்திவிட்டால், எந்த முகவரியில் என்ன எழுதப்படுகிறது என்பது வரி வரியாக டிரேஸ் என்ற பதிவில் விழும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான்: ரேஞ்சை மட்டும் மாற்று, ஓர் அளவு எடு, நிறுத்து, டிரேஸை எடுத்து வை. இரண்டு அமைப்பை ஒன்றாக மாற்றினால் எந்த பிட் எதற்கு என்று பிரிக்கவே முடியாது. கெயின் பிட்டுகள் (ரேஞ்சைத் தேர்வு செய்பவை) மட்டும் எங்கள் அட்டைக்கும் அந்தக் குடும்பத்து அட்டைக்கும் வேறு என்பது இப்படித்தான் வெளிப்பட்டது. மதர்போர்டில் பழைய பிசிஐ அட்டைகள் மதர்போர்டின் ஒரே பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் ஒரே ஐஓஎம்எம்யூ குழுவில் (மெய்நிகர் கணினிக்குச் சேர்த்தே கொடுக்க வேண்டிய தொகுதி) விழும்; மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள்.

ஆஸிலோஸ்கோப்பை நம்பிக் கொடுத்த கோணம் பட்டறை அண்ணாச்சிக்கு என்ன சொல்ல! ஒவ்வொரு அளவும் டைம்அவுட் ஆகிக்கொண்டிருந்தபோது, ஏடி1674-இன் 28-ஆம் காலில் புரோபை வைத்துப் பார்த்தோம். அது எஸ்டிஎஸ் என்ற ஸ்டேட்டஸ் கால், மின்னழுத்தம் எண்ணாக மாறும்போது மேலே ஏறி, சுமார் 10 மைக்ரோவினாடியில் இறங்கும். பல்ஸ் ஒழுங்காக வந்தது. ஆக, ஏடிசி தன் வேலையைச் செய்கிறது. டிரைவர் பார்க்கும் ஸ்டேட்டஸ் பிட்தான் இந்த அட்டையில் தலைகீழ். நிரலில் 'இல்லை' என்று பொருள்படும் ஒரே ஒரு '!' குறியில் தீர்ந்தது.

மின்னழுத்தச் சோதனைக்கு பேட்டரியும் நல்ல மல்டிமீட்டரும் தந்தவர்களுக்கும் நன்றி. ±10 வோல்ட் ரேஞ்சில் ஒரு படி 4.88 மில்லிவோல்ட். ஆஃப்செட் பைனரி (பூஜ்ய வோல்ட்டை நடு எண்ணாக வைக்கும் முறை) என்றால் 0 வோல்ட்டுக்கு 2048, +5-க்கு 3072 வர வேண்டும். 0-க்கு 0, +5-க்கு 1024, −5-க்கு 3072 வந்தால் அது டூஸ் காம்ப்ளிமென்ட் (எதிர் மதிப்புகளை எழுதும் இன்னொரு முறை). மேல் பிட்டைத் திருப்ப வேண்டும். நேர் மின்னழுத்தம் மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவுகட்டாதீர்கள், பேட்டரியைத் திருப்பியும் வையுங்கள். டிஃபரன்ஷியல் முறையில் (இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வேறுபாட்டை அளப்பது) பேட்டரியை அப்படியே மாட்டினால் அளவு மெல்ல நகர்ந்து உச்சியில் ஒட்டிக்கொள்ளும். எதிர்முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் முதல் 100 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் வேண்டும்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் தம்பிமார் கண்டுபிடித்துச் சொன்னது வேறு. காற்றின் திசைகாட்டி திரும்பினால் பக்கத்துச் சானலும் லேசாக ஆடியது. திசைகாட்டிக்குள் இருப்பது 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர் (திருப்பினால் மாறும் ரெசிஸ்டர்). நடுவில் நிற்கும்போது மூல எதிர்ப்பு 2.5 கிலோ ஓம். பக்கத்துச் சானலும் அதே மாதிரி சென்சார். இதைப் பிரித்தறிய ஒரு வழி: பக்கத்துச் சானலை நேராகக் கிரவுண்டில் ஷார்ட் செய்யுங்கள். ஆட்டம் நின்றால், சானல்களை மாற்றி மாற்றி ஏடிசிக்குக் கொடுக்கும் மக்ஸ் அடங்குவதற்கு நேரம் போதவில்லை என்று பொருள். நிற்காவிட்டால் சானல் தேர்வு பிட்டுகளில்தான் கோளாறு. எங்களுக்கு நின்றது. ஒவ்வொரு சானலையும் இருமுறை படித்து முதலாவதைத் தள்ளிவிட்டோம். சென்சார்களுக்கு ஆப்-ஆம்ப் பஃபரும் (மூல எதிர்ப்பின் பாதிப்பைக் குறைக்கும் சுற்று) வைத்தோம்.

குளச்சல் கடைக்காரர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பாட்டிலுக்குக் காசே வாங்கவில்லை. கடல் காற்று படும் ஊரில் அட்டையின் தங்க முனைகளைத் துடைக்க அதுதான் சரி. ரப்பர் தேய்த்தால் முலாம் போய்விடும், துகளும் ஸ்லாட்டில் தங்கும்.

இன்டரப்ட் (அளவு தயாரானதும் அட்டையே கணினிக்குத் தரும் சைகை) வழித் தொடர் பதிவு இன்னும் பாக்கி. இப்போதைக்கு ஒவ்வோர் அளவாகத்தான் எடுக்கிறோம், காற்றின் திசைக்கு அது தாராளம். தொடர் பதிவு வேலை முடிந்ததும் எங்கள் நிரல் மாற்றம் (பேட்ச்) கோமெடி பராமரிப்பாளர்களுக்குப் போகும். உங்களில் யாரிடமாவது இதே அட்டையின் வேறு பதிப்பு இருந்தால், சப்சிஸ்டம் எண்ணையும் இருபக்கப் படத்தையும் மட்டும் அனுப்புங்கள். அட்டையையே கொண்டுவர வேண்டாம்.

நன்றியுடன்,
நாகர்கோவில் நண்பர்கள்