பரணில் கிடக்கும் 13 வாரத் தொடர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 13 வாரம் மட்டும் ஓடி நின்றுபோன பழைய தூர்தர்ஷன் தமிழ்த் தொடர்களை டிவிடியாகவோ இணையத்திலோ வெளியிட வேண்டும் என்று கேட்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். நாங்கள் பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுகிறவர்கள், அவற்றை ஓட்டும் வி.சி.ஆர். கருவிகளைப் பழுது பார்க்கிறவர்கள். அந்த ஆசை எங்கே சிக்கிக் கிடக்கிறது என்று வாசகர்களுக்குச் சொல்லவும், தங்கள் நாளிதழால் மட்டுமே செய்யக்கூடிய ஓர் உதவியைக் கேட்கவும் இதை எழுதுகிறோம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14இல். இடைப்பட்ட காலத்தில் தமிழ்த் தொடர் என்றால் பெரும்பாலும் தூர்தர்ஷன்தான். காலாண்டுக்கு 13 வாரம், வாரத்துக்கு ஒன்று, ஆக 13 பகுதி என்பது அன்றைய வழக்கமான அளவு. 1984 ஜூலையில் தொடங்கி 150க்கும் மேற்பட்ட பகுதி ஓடிய ‘ஹம் லோக்’ இந்தித் தொடர் போன்றவை விதிவிலக்கு. 2020 ஊரடங்கில் மார்ச் 28 முதல் ‘ராமாயணம்’ மறுபடி ஓடியது, ஏப்ரலில் பழைய தொடர்களுக்கென்றே டிடி ரெட்ரோ அலைவரிசை வந்தது, 2024 நவம்பரில் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ இணையத் தளத்தையும் தொடங்கிவிட்டது. வெளியிட இடமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பெரிய தொடர்கள் எப்படியும் வந்துவிடும். கேட்க ஆளில்லாமல் கிடப்பவை இந்தச் சின்னத் தொடர்கள்தான்.

கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய நிகழ்ச்சிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். நிலையமே எடுத்தது, நிலையம் பணம் கொடுத்து வெளியாரை எடுக்கச் சொன்னது, விளம்பரதாரர் பலத்தில் தயாரிப்பாளர் எடுத்துக் கொண்டுவந்தது. முதல் இரண்டுக்கும் தூர்தர்ஷனைக் கேட்கலாம். மூன்றாவதில் தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் கட்டி, அதற்கு ஈடாக விளம்பர நேரம் வாங்கியிருப்பார். உரிமை பெரும்பாலும் அவருடையது. அதற்கு நிலையத்துக்கு எத்தனை மனு போட்டாலும் காரியம் ஆகாது.

எந்த வகை என்று அறியத் தகவல் உரிமைச் சட்டம் போதும். தூர்தர்ஷன் மத்திய அமைப்பு என்பதால் பத்து ரூபாய்க்கு இந்தியன் போஸ்டல் ஆர்டர் வைத்து அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் இன்னும் வெளியிடவில்லை’ என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்ன தொடர் இன்ன ஆண்டில் ஒளிபரப்பானது, அது எந்த வகைத் தயாரிப்பு, எத்தனை பகுதி, மூல நாடா கைவசம் உள்ளதா, எந்த வடிவ நாடா என்று கேளுங்கள். ஆண்டும் கிழமையும் இல்லாமல் கேட்டால் ‘தேட இயலவில்லை’ என்றுதான் வரும்.

25 ஆண்டு கழிந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் போடலாம் என்று சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 25 ஆண்டு என்பது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அந்த ஒளிபரப்பின்மேல் உள்ள உரிமைக்கு மட்டும். 1988இல் ஒளிபரப்பானதற்கு அது 2013 முடிவில் தீர்ந்தது. தொடரின் பதிப்புரிமை வேறு, அது 60 ஆண்டு. அதே 1988 தொடருக்கு 2048 முடிவுவரை அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது. உரிமையாளர் வெளியிட மறுத்தால் சட்டத்தின் 31ஆம் பிரிவில் கட்டாய உரிமம் கேட்க வழியுண்டு. ஆனால் நீதிமன்றம் போக வேண்டும், அதற்கு அவர் மறுத்ததற்கான ஆதாரம் கையில் வேண்டும். அதனால் முதல் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பாட்டு இன்னொரு முடிச்சு. ஒளிபரப்புக்கு வாங்கிய இசை அனுமதி, தட்டில் விற்பதற்குச் செல்லாது. அமெரிக்காவில் 18 பகுதியோடு 2000த்தில் முடிந்த ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ 2004இல்தான் டிவிடியாக வந்தது. பாடல்களுக்கு ஒவ்வொன்றாக அனுமதி வாங்க வேண்டியிருந்ததே தாமதத்துக்குக் காரணம்.

உரிமை கிடைத்தாலும் நாடா வேண்டுமே. நாடா விலை அதிகமாக இருந்த காலத்தில் ஒன்றை அழித்து அதன் மேலேயே இன்னொன்றைப் பதிவது உலகம் முழுக்க நடந்தது. பிபிசியே 1960களின் நிகழ்ச்சிகளை அப்படி இழந்துவிட்டு, பிறகு வெளிநாட்டுப் பிரதிகளையும் ரசிகர்கள் வீட்டில் பதிந்த ஒலிநாடாக்களையும் தேடி அலைந்தது. இங்கேதான் நம் மாவட்டத்துக்கு வேலை வருகிறது. வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வி.சி.ஆர். குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் எத்தனையோ வீடுகளில் இருந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஆண்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்து நிற்கும். மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் கொடைக்கானலைப் பார்த்து நிற்கும். கடலோரத்தில் காற்று வாகாக இருந்தால் இலங்கை ரூபவாகினியும் தெரியும். அதனால் ஒரே கேசட்டில் பாதி மலையாளம், பாதி தமிழ், நடுவில் கிரிக்கெட் என்று கலந்து கிடக்கும். மேலே ‘அண்ணன் கல்யாணம்’ என்று எழுதியிருந்தாலும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். கல்யாணம் முடிந்து மிஞ்சிய நாடாவில்தான் தொடர்கள் இருக்கும்.

ஆனால் எடுத்தவுடன் வி.சி.ஆரில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி வழியாக ரீலைப் பாருங்கள். கறுப்பு நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூல் போன்ற படலமோ இருந்தால் அது பூஞ்சை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற ஊர் இது, வருடத்தில் பாதிக்குமேல் காற்றில் ஈரம்தான். பூஞ்சைக் கேசட்டை ஓட்டினால் அந்தப் பொடி, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பி, அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். வெயிலில் காய வைத்தால் கூடு வளைந்து நாடா நெளிந்துவிடும். பாச்சை உருண்டை போட்ட பெட்டியும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக வைக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று வாரம் வையுங்கள். ஈரம் 40 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் பூஞ்சை உலர்ந்து உதிரும் நிலைக்கு வரும். பிறகு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, பஞ்சு உதிராத துணியால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். தை முதல் பங்குனி வரை இந்த வேலைக்குத் தோதான காலம்.

நாடாவின் எந்த ஓரம் கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கோளாறு மாறும். வி.எச்.எஸ். நாடா அரை அங்குல அகலம். மேல் ஓரத்தில் ஒலி, கீழ் ஓரத்தில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்புகள், நடுவில் சாய்வுக் கோடுகளாகப் படம். மேல் ஓரம் மடிந்தால் படம் தெளிவாக இருக்கும், பேச்சு மட்டும் அமுங்கும். கீழ் ஓரம் கெட்டால், படத்தைச் சீராக்கும் டிராக்கிங் குமிழை எவ்வளவு திருகினாலும் படம் நிலைக்காது. படத்தின் அடியில் எப்போதும் ஒரு கோடு நடுங்குவது கோளாறே இல்லை, ஹெட் மாறும் இடம் அது. டிவியில் ஓரம் மறைவதால் அன்று தெரியவில்லை, கணினியில் தெரிகிறது.

கூடு உடைந்திருந்தால் அடிப்பக்கத்து ஐந்து திருகாணிகளைக் கழற்றி, இரண்டு ரீலையும் வேறு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். அறுந்த நாடாவை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும், ஹெட் போய்விடும். ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப்பை, நாடாவின் முதுகுப்புறத்தில் மட்டும் போட வேண்டும்.

ஹெட் துடைப்பதில்தான் அதிக வி.சி.ஆர்கள் செத்திருக்கின்றன. ஷாமி (chamois) எனும் மென்தோல் துண்டை 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஹெட் பொருத்திய உருளையான டிரம்மின்மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் டிரம்மின் மேல்பகுதியை மெல்லச் சுழற்றுங்கள். டிரம்தான் சுழல வேண்டும், தோல் நகரக் கூடாது. மேலும் கீழுமாகத் தேய்த்தால் முடியளவே நீட்டிக்கொண்டிருக்கும் ஹெட் முனை படக்கென்று முறியும். காது குடையும் பஞ்சுக் குச்சியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அதன் இழை முனையில் மாட்டி இழுக்கும். 2016இல் கடைசி நிறுவனமும் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்திவிட்டதால் மாற்று ஹெட்டுக்குப் பழைய செட்டைத்தான் பிரிக்க வேண்டும். நாடாவைக் கடித்துத் துப்பினால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் உருளை வழுவழுத்திருக்கும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த செட்டை உடனே போடாதீர்கள். டிரம்மில் பனி கோக்கும், நாடா அதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் பொறுங்கள்.

கணினிக்கு ஏற்றும்போது சில நூறு ரூபாய் யுஎஸ்பி குச்சியோடு நின்றுவிடாதீர்கள். பழைய நாடாவின் ஓட்டம் சீராக இருக்காது. குச்சி இடையிடையே ஃபிரேமை விடும், அரை மணி போவதற்குள் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்றாகும். நடுவில், இந்த ஓட்டப் பிசகைச் சரிசெய்யும் டைம்பேஸ் கரெக்டர் வேண்டும். அது கிட்டாவிட்டால் பழைய டிவிடி ரெக்கார்டரை வழியில் வைத்துப் படத்தை அதன் ஊடாக அனுப்பினாலும் கோடுகள் ஓரளவு நேராகும். படத்தின் அளவு 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம், ஒன்றுவிட்ட கோடுகளாகப் படம் வரும் இன்டர்லேஸ் முறை அப்படியே இருக்கட்டும். டி.வி. (DV) எனும் டிஜிட்டல் வீடியோ வடிவத்தில் மணிக்கு 13 ஜிபி ஆகும். அதுதான் மூலப் பிரதி. பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் தனியாக எம்பி4 எடுத்துக்கொள்ளுங்கள். இடம் பிடிக்கிறது என்று மூலத்தை அழித்துவிட்டு எம்பி4ஐ மட்டும் வைத்திருந்தால், நாளை வெளியிட வருகிறவருக்கு அது உதவாது.

விளம்பரங்களை வெட்டாதீர்கள். தொடருக்கு முன்னால் ஓடும் செய்தியின் வால் இருந்தால் அதுவும் இருக்கட்டும். செய்தியில் வருகிற ஒரு சம்பவம் போதும், ஒளிபரப்பான நாள் தெரிந்துவிடும். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில்தான் தயாரிப்பாளர் பெயர் இருக்கும். உரிமை யாரிடம் என்பதற்கு முதல் தடயம் அதுவே. வீட்டில் பதிந்தவர்கள் பலர் அந்த இடத்தில்தான் பொத்தானை அமுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலோடு ஒரே ஒரு பகுதி கிடைத்தாலும் பெரிய காரியம்.

இனி தங்களிடம் கேட்பது. அந்நாளில் நாளிதழ்கள் அன்றன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஒரு சிறு கட்டத்தில் அச்சிட்டன. தங்கள் பழைய இதழ்த் தொகுப்பில் அவை இருக்கும். ஒரு தொடர் எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தக் கிழமை, எத்தனை வாரம் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று பொதுமக்கள் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. முழு இதழையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை. அந்தக் கட்டத்தை மட்டும், மேலே தேதி தெரியும்படி, 300 டிபிஐயில் எடுத்தால் போதும். பழைய தொகுப்பின் முதுகு விரிந்துவிடும் என்பதால் கண்ணாடி ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாமல், மேலிருந்து கேமராவில் எடுப்பது நல்லது. 1980 முதல் 1993 வரைக்கும் முதலில் போதும். அதைத் தங்கள் இணையதளத்தில் போட்டால் தகவல் உரிமை மனுவுக்குத் தேதியும், கேசட்டுக்குப் பெயரும் கிடைத்துவிடும். படம் எடுக்க ஆள் தேவையென்றால், தாங்கள் சொல்லும் நாளில் கேமராவும் விளக்கும் கொண்டு எங்களில் இருவர் வருகிறோம்.

போகிக்குப் பரணை ஒழிக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வி.எச்.எஸ்., பீட்டாமேக்ஸ் எதுவானாலும் பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன், மேலே சொன்னபடி ரீலை ஒருமுறை பாருங்கள். வைத்திருப்பதானால் முழுக்க ஒரு பக்கமாகச் சுற்றி, புத்தகம்போல் நிமிர்த்தி, ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். வி.எச்.எஸ். கேசட்டின் முதுகில், மேலே பதிவு செய்ய இடம்தரும் சிறு நாக்கு இருக்கும், அதை உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை யாராவது ஒருவர் தெரியாமல் சிவப்புப் பொத்தானை அமுக்கும் வாய்ப்பு உண்டு.

இப்படிக்கு,
வீடியோ நாடா மாற்றுவோரும் வி.சி.ஆர். பழுதுபார்ப்போரும் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.