மிளா படம் போட்ட பெட்டியில் நரிக்கான குண்டு

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

பொருள்: .308 அங்குல விட்டம், 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வேட்டைத் தோட்டா பற்றிய என் புகாரும் உங்கள் இரண்டு வரிப் பதிலும்

வணக்கம். உங்கள் குண்டு மிளாவின் (கடமானின்) உள்ளே ஆழமாகப் போகாமல் மேலேயே நொறுங்கிவிட்டது என்று எழுதியிருந்தேன். "குண்டு பட்ட இடம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். எடை சட்டப்படி போதுமானதே" என்று பதில் போட்டிருந்தீர்கள். சரி, பட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்துக் கிப்ஸ்லாந்து மலைக்காட்டில் 35 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டில் நின்ற பெரிய ஆண் மிளா. (நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் திரியும் அதே மிளாதான், 1860களில் விக்டோரியாவுக்குக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது மலையெங்கும் பெருகிக் கிடக்கிறது.) முன்னங்கால் சப்பைக்கு நேரே குறி வைத்தேன், குண்டும் அங்கேதான் பட்டது, தோலை உரித்தபோது கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் மிளா விழவில்லை. ஒரு தள்ளாட்டம், அப்புறம் பள்ளத்துக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. குண்டு மறுபக்கம் வெளியே வராததால் ரத்தத் தடம்கூடச் சரியாக இல்லை. மூன்று மணி நேரம் கழித்து நண்பரின் நாய்தான் கண்டுபிடித்தது, அப்போதும் உயிர் இருந்தது, இன்னொரு குண்டு போட்டு முடித்தேன். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் இந்தக் கடிதம், பெட்டிக்குக் கொடுத்த காசுக்காக இல்லை.

உரித்துப் பார்த்தால் சப்பை எலும்பின் மேல் இரண்டு கை அகலத்துக்கு இறைச்சி கூழாகி, ரத்தம் கட்டி, எலும்புத் துணுக்கும் ஈயத் துணுக்குமாகக் கிடந்தது. அதற்கு உள்ளே, ஒரு பக்க நுரையீரலில் மட்டும் சின்னக் கிழிசல். குண்டில் மிஞ்சியது சுருங்கிப்போன செம்பு உறை, நகைத் தராசில் 2.6 கிராம். 150 கிரெய்ன் என்றால் 9.7 கிராம். மீதி ஏழு கிராம் எங்கே? நான் வெட்டி எறிந்த இறைச்சியில்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை, குண்டை நீளவாக்கில் அறுத்தாலே தெரிகிறது. முனையில் பிளாஸ்டிக், அதன் பின்னால் குழி, மெல்லிய உறை, உறையோடு ஒட்டாத ஈயம். பட்டதும் பிளாஸ்டிக் பின்னால் தள்ளி மூக்கைப் பிளக்கும், குண்டு காளான்போல் விரியும். விட்டம் இரண்டு மடங்கானால் முகப்புப் பரப்பு நான்கு மடங்கு, தடையும் அதற்கேற்ப ஏறும். விரிந்தாலும் எடை போகாமல் இருந்தால் உள்ளே போய்விடும், நொறுங்கிவிட்டால் ஒவ்வொரு துணுக்கும் சில அங்குலத்தில் நின்றுவிடும். துப்பாக்கிக் குழாயை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு 860 மீட்டர் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறீர்கள், 35 மீட்டரில் அது அதிகம் குறைந்திருக்காது. அந்த வேகத்தில் மிளாவின் தடித்த தோலையும் சப்பை எலும்பையும் மோதினால் இந்தக் குண்டு நொறுங்காமல் என்ன செய்யும்?

நியாயமாகவும் சொல்லிவிடுகிறேன். இதே பெட்டிக் குண்டில், 200 மீட்டரில், மிளாவைவிடச் சிறிய ஒரு ஃபேலோ மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. அங்கே வேகமும் விநாடிக்கு நூறு மீட்டருக்கு மேல் குறைந்திருக்கும், விலா எலும்பும் மெல்லியது. குண்டு கெட்ட குண்டு இல்லை, மிளா படம் போட்டு "ஆழமாகப் பாயும்" என்று அச்சடித்ததுதான் கெட்ட காரியம்.

இந்தப் பிரச்சினை நேற்று முளைத்ததா? பெரிய மூஸ் மானிடம் குண்டு நொறுங்கித் தோற்றுப்போன பிறகுதானே அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நோஸ்லர் நடுவில் செம்புச் சுவர் வைத்த குண்டைச் செய்து 1948இல் விற்க ஆரம்பித்தார்? முன்பாதி விரிந்து உதிர்ந்தாலும் பின்பாதி உள்ளே போகும். ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த குண்டும், ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டும் அப்புறம் வந்தன. அவற்றுக்கும் குறை உண்டு: செம்புக் குண்டு வேகம் குறைந்தால் சரியாக விரியாது, பென்சில் குத்தியதுபோல் ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் கெட்டியான குண்டுதான் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எது எந்த வேகத்துக்கு என்று சொல்லித் தொலையுங்கள் என்கிறேன்.

மிளாவுக்குக் குறைந்தது .270 அங்குல விட்டம், 130 கிரெய்ன் எடை என்றுதான் விக்டோரியா விதி கேட்கிறது. உறையின் தடிமனை அது கேட்பதில்லை. எடை போதும் என்று அதன் பின்னால் ஒளிந்துகொள்வது உங்களுக்கு வசதி, மிளாவுக்கு இல்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். படும்போது எந்த வேகத்திலிருந்து எந்த வேகம் வரை இந்தக் குண்டு சரியாக வேலை செய்யும் என்று பெட்டியில் அச்சிடுங்கள். மிளா படத்தை எடுங்கள். பிரிக்காத இரண்டு பெட்டி என்னிடம் இருக்கிறது, அவற்றுக்கு ஈயம் ஒட்டிய 165 அல்லது 180 கிரெய்ன் தோட்டா மாற்றித் தாருங்கள், விலை வித்தியாசத்தை நான் கட்டுகிறேன்.

செம்பு உறையும் படங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் தபாலில் அனுப்புகிறேன், ஆனால் உறை எனக்குத் திரும்ப வேண்டும். இந்த முறை குண்டைப் பற்றித் தெரிந்தவர் யாராவது பதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒன்பது வருடமாக உங்கள் தோட்டா வாங்குபவன்