கலாவுக்கு: ஹீட்டர் வயரும் எஸ்தர் ஆயாவும்

கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து,
ஆகஸ்ட், ஞாயிறு இரவு

அன்புள்ள கலா,

முதலில் திட்டித் தீர்த்துவிடு. மூன்று மாதத்துக்கு முன் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு "விரிவாக எழுதுகிறேன்" என்று ஒரு வரி போட்டதோடு சரி. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே இவருக்கு முதுகுவலி தேவலை. ஜன்னலோரத் தொட்டியில் வைத்த கறிவேப்பிலை இந்தக் குளிரையும் தாக்குப்பிடித்துவிட்டது. அவ்வளவுதான் வீட்டுச் சமாச்சாரம்.

உன் மகள் நித்யாவைப் பதினொன்றாம் வகுப்புக்கு இந்தப் பக்கம் அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். "அங்கே சப்போர்ட் டீம் இருக்கு மேடம், எல்லாத்தையும் அவங்க பாத்துப்பாங்க" என்று ஏஜென்ட் சொன்னாராம். அந்த சப்போர்ட் டீம் யார் தெரியுமா? நான்தான்டி! நானும் இன்னும் நாலு பேரும். நான்கு வருஷமாக ஒரு ஹைஸ்கூலில் ஹோம்ஸ்டே கோஆர்டினேட்டராக இருக்கிறேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளை இந்த ஊர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்கவைத்துக் கவனித்துக்கொள்வதுதான் அந்த வேலை. நீ அதை ஏதோ பேயிங் கெஸ்ட் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டாய் போல. எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம், "அனுப்பு" என்றும் சொல்ல முடியவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் தூக்கம் வராது.

தாய்லாந்திலிருந்து வந்த பெண். பதினாறு வயது. பெயர் சொல்ல மாட்டேன், இந்த வேலைக்கு அது மரியாதை இல்லை. ஏப்ரல் கடைசியில் இரண்டாம் டெர்ம் தொடங்கும்போது வந்தாள். எப்போது கேட்டாலும் "ஐ ஆம் ஃபைன், மிஸ்." நானும் ஃபைலில் நலம் என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். போன வாரம் எங்கள் லைப்ரரி அம்மா காபி எடுக்க வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தப் பெண் தினமும் பூட்டும் வரைக்கும் ஹீட்டர் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறாள். புத்தகத்தில் பக்கம் திரும்புவதே இல்லை."

அன்று சாயங்காலமே அவள் தங்கியிருக்கும் வீட்டுக்குப் போனேன். ஹோஸ்ட் அம்மா நல்ல மனுஷி, ஆறு வருஷமாகப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தவர். வீடு சுத்தம். இங்கே பழைய வீடுகளில் ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடிதான். குளிர்காலத்தில் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக வழியும். அவள் அறையில் ஜன்னல் விளிம்பில் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தாள், அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கட்டிலின் மேல் ஸ்கூல் ஜாக்கெட், அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். மூலையில் புத்தம் புது ஹீட்டர். அதன் வயர் கடையில் சுருட்டிக் கட்டிய கட்டோடு அப்படியே இருந்தது கலா. மே, ஜூன், ஜூலை. மூன்று மாதம் அந்தக் கட்டை அவள் அவிழ்க்கவே இல்லை.

ஏன் என்று கேட்டால், "யாரும் போடச் சொல்லவில்லை." சாப்பாடும் அதே கதை. வந்த முதல் நாள் அந்த அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து காட்டி "வேண்டியதை எடுத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறார். இந்த ஊர் வழக்கப்படி அதோடு முடிந்தது. ஒரு தடவை சொல்லிவிட்டால் அது உன் வீடு, மறுபடி கேட்டால் தொந்தரவு செய்வதாக நினைப்பார்கள். நம் வீடுகளில் எப்படி? மூன்று தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், நாலாவது தடவை தட்டில் தோசை தானாக விழும். அந்தப் பெண்ணும் நாலாவது தடவைக்காகக் காத்திருந்தாள். மதியத்துக்கு இரண்டு துண்டு பிரெட் எடுத்துப்போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

பாங்காக்கில் இருக்கும் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து தாய்லாந்து மொழி பேசுகிற ஒரு பெண்ணை போனில் பிடித்து, சமையலறை மேஜையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஹோஸ்ட் அம்மா அழுதுவிட்டார். "நான்தான் முதல் நாளே சொன்னேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் தப்பே இல்லை, அந்தப் பெண் மேலும் இல்லை. தப்பு என் மேல். முதல் மாதத்திலேயே அவள் அறையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். வரவேற்பறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஹீட்டர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு அவளுடையது என்று தாளில் எழுதி ஒட்டினோம். அந்த வயர்க் கட்டை நானே அவிழ்த்து பிளக்கில் சொருகிவிட்டு வந்தேன்.

வீடு திரும்பும்போது வண்டியில் யார் ஞாபகம் வந்தது தெரியுமா? எஸ்தர் ஆயா. பாளையங்கோட்டை ஹாஸ்டலில் உனக்கு டைபாய்டு வந்த வருஷம். நாலு நாள் காய்ச்சலை மூடி மறைத்தாய், எனக்கும் சத்தியம் வேறு. வார்டன் பிரித்துப் படிப்பார் என்று பயந்து நாம் இன்லண்ட் லெட்டரில் வாரா வாரம் எழுதினோமே, "நான் நலம், இங்கு ஒரு குறையும் இல்லை." உன் அப்பா அதை நம்பிக்கொண்டிருந்தார். தட்டு கழுவும் இடத்தில் உன் சோறு மட்டும் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்து, உன்னை இழுத்து நெற்றியில் கை வைத்தது அந்த ஆயாதான். வார்டனும் இல்லை, டாக்டரும் இல்லை.

அதனால்தான் டீம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே என்கிறேன். டீம் எல்லாப் பள்ளியிலும் இருக்கும், இருந்தே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிகளுக்கு இந்த நாட்டில் சட்டபூர்வமான நடத்தை விதி இருக்கிறது. இப்போதுள்ளது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஹோம்ஸ்டே வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் வேண்டும். ராத்திரி பகல் எந்நேரமும் எடுக்கிற ஒரு போன் வேண்டும் (எங்கள் பள்ளியில் அது ஒரு வாரம் வெளிநாட்டு மாணவர் பிரிவின் டைரக்டர் கையில், ஒரு வாரம் என் கையில்). ஏஜென்ட் தப்பாக நடந்தால் அதைக் கவனிக்க வேண்டியதும் பள்ளிதான். இது வெறும் காகிதம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வீட்டில் வளர்ந்த மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிவந்து தங்கிவிட்டான், எங்களிடம் சொல்லவில்லை. நல்ல பையனாகவே இருக்கலாம். ஆனாலும் அன்று ராத்திரியே பெட்டியோடு மாணவனை வேறு வீட்டுக்கு மாற்றினோம். அந்தக் குடும்பம் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

இன்னொன்று. வேலையில் சேர்ந்த முதல் நாள் டைரக்டர் என் கையில் கொடுத்தது அச்சடித்த ஒரு பட்டியல். ஒவ்வொரு பிள்ளையின் போட்டோ, தங்கும் வீடு, பெற்றோர் நம்பர், பேசும் மொழி. எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்றேன். அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். எனக்கே உறைத்தது. 2011 பிப்ரவரி 22, மதியம் 12.51. இந்த ஊரை உலுக்கிய அந்த நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரில் 115 பேர் ஒரே கட்டடத்தில். அதில் ஒரு மொழிப் பள்ளி இருந்தது. ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் இன்னும் பல ஊர்களிலிருந்தும் இங்கிலீஷ் படிக்க வந்தவர்கள். அன்று நான் இந்த ஊரில்தான் இருந்தேன், கரண்டும் இல்லை போனும் இல்லை. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எந்த நம்பருக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. டெர்முக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை நான் புதிதாக அச்சடிக்கிறேன். ஒன்று என் காரில் இருக்கிறது.

சரி, நித்யா விஷயம். பத்தாம் வகுப்புப் பரீட்சையை அங்கேயே முடிக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்காதே. இங்கே பள்ளி வருஷம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நடுவில் வந்து விழுகிற பிள்ளைகள் ஏற்கனவே அமைந்துவிட்ட சிநேகிதக் கூட்டங்களுக்கு வெளியே நிற்கும். அந்தத் தாய்லாந்துப் பெண்ணுக்கும் அதுவே நடந்தது. ஜனவரி வரை காத்திருப்பது நஷ்டமில்லை. அந்த மாதங்களில் அவள் சமைக்கவும் துணி துவைக்கவும், முக்கியமாக "எனக்கு இது வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்கவும் பழகட்டும். நீ குறுக்கே போய் அவளுக்காகக் கேட்காமல் இரு, அதுதான் உனக்குக் கஷ்டம்!

ஏஜென்டிடம் பிரோஷர் கேட்காதே. பள்ளியில் ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொள்பவர் பெயர் என்ன, அவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள், அவரோடு வீடியோவில் நீ பேச முடியுமா என்று கேள். பேச வைக்க மாட்டேன் என்றால் அந்தப் பள்ளி வேண்டாம். அறையைப் பார்க்க வேண்டும் என்று கேள். ஹோம்ஸ்டேக்கு மட்டும் வாரத்துக்கு 300 நியூசிலாந்து டாலருக்கு மேல் ஆகும், கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வந்த பிறகு ராத்திரி 9 மணிக்கு சீரியல் முடிந்ததும் கூப்பிடுகிற பழக்கம் கூடாது. உனக்கு 9 மணி என்றால் இந்தக் குளிர்காலத்தில் இங்கே விடிகாலை மூன்றரை. அம்மா கூப்பிடுவாள் என்று முழித்திருந்துவிட்டு முதல் பீரியடில் தூங்கும் பிள்ளைகளை எங்கள் டீன் (வகுப்புப் பொறுப்பாசிரியர்) என்னிடம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். பெற்றவர்களுக்கு அதை எடுத்துச் சொல்வதும் என் வேலைதான், சில அப்பாக்கள் கோபித்துக்கொள்வார்கள்.

என் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று நீ நினைப்பது தெரியும். எனக்கும் ஆசைதான். ஆனால் அவளுக்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் உன் சிநேகிதி வீட்டைப் பற்றி உன்னிடம் சொல்ல மாட்டாள், என்னிடமும் சொல்ல மாட்டாள். நலம் என்றுதான் சொல்வாள். வேறு வீட்டில் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டைப் பற்றி என்னிடம் புலம்பட்டும்.

அடுத்த ஞாயிறு உங்கள் நேரம் மதியம் 1 மணிக்கு நித்யாவைக் கூப்பிடுகிறேன். நீ அந்த நேரத்தில் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடு, அரை மணி கீழே வராதே. அவள் தனியாகப் பேசட்டும். உனக்குச் சொல்ல வேண்டியதை அப்புறம் சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்ல மாட்டேன்.

எஸ்தர் ஆயாவின் மகள் இன்னும் சமாதானபுரத்தில்தான் இருக்கிறாளா? நம்பர் கிடைத்தால் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்