செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயற்குழு இந்த ஆண்டு ஒன்பது முறை கூடியது. கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் விழா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வடிகால் தூர்வார இரண்டு மனு கொடுத்தோம். தெருவின் ஒரு பக்கம் மட்டும் முடிந்தது.

நடைபாதை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "இதற்காகவா சங்கம்?" என்று சிலர் என்னிடமே கேட்டார்கள்.

ஜூன் மாதம் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பால் வாங்கப் போகும்போது கார் கண்ணாடி இடித்துக் கீழே விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. நடைபாதை இருக்க, அவர் ஏன் நடுரோட்டில் நடந்தார்? நானும் இன்னும் இருவரும் டேப்பை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க அளந்தோம். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலின்படி, நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். நடைபாதையின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. நம் தெருவில் சேர்ந்தாற்போல் இருபதடி நடக்க முடியவில்லை. மரமும் மின்பெட்டியும் மறித்த இடங்கள் நான்குதான். மற்றதெல்லாம் நம் வீட்டு வாசல் சாய்தளங்களும் நம் கார்களும். அதுவரை வெளியாட்களின் வண்டிதான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன்.

நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் 'மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை'யைச் சென்னை 2014-லேயே ஏற்றுக்கொண்டது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை வந்தது. அங்கே காரில் போய் இறங்கி ஆசையாக நடந்துவிட்டு, திரும்பி வந்து நம் வாசல் நடைபாதையில் காரை ஏற்றி நிறுத்துகிறோம்.

அதனால்தான் மார்கழியின் நாலு ஞாயிறும் காலை 6 முதல் 8 வரை தெருவில் கார் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். காருக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒடுங்காமல் பெண்கள் தெரு நடுவே பெரிய புள்ளிக் கோலம் போட்டார்கள். கை முறிந்தவர், மகளைப் பிடித்துக்கொள்ளாமல் தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பினார். முதல் ஞாயிறு நாற்பது பேர் வந்தோம். நாலாவது ஞாயிறு பதினோரு பேர். காரை எடுக்க மறுத்த மூன்று வீடுகளும் செயற்குழு உறுப்பினர்களுடையவை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் படிப்பார். செலவு வரவைவிடச் சற்றுக் கூடியது. முந்தைய இருப்பிலிருந்து சரிக்கட்டினோம். சந்தா மாதம் 100 ரூபாய்தான். 31 வீடுகள் பாக்கி. அவற்றில் இரண்டிரண்டு கார் நிற்கும் வீடுகளும் உண்டு.

தலைவர், பொருளாளர், இரவுக் காவலர், தூய்மைப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சாய்தளங்களைக் கேட்டுக்கு உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். என் வீட்டில் ஆகஸ்டிலேயே இடித்துக் கட்டிவிட்டேன். பத்து வீடுகள் சேர்ந்தால் கூலி குறையும் என்கிறார் மேஸ்திரி. செயலாளராகத் தொடர எனக்குச் சம்மதம்தான். ஆனால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வரும் ஞாயிறு காலை 6 மணிக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் அருகே நிற்பேன்.

செயலாளர்